‘சேர்ந்து போங்கோ’ என்று சொல்லுமுன்: தீவகத்து மத்தியஸ்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர்ப் பகுதிகளின் மத்தியஸ்த சபைகளில் அமர்ந்து ஊர்ப் பிணக்குகளைக் கேட்டுத் தீர்க்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

உங்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதிபர்கள், அரச அலுவலர்கள். விடுமுறை நாளில், சம்பளம் எதுவும் வாங்காமல், வாங்கு மேசை போட்டு இருந்து மற்றவர்களின் கோபத்தைக் கேட்கிறீர்கள். அந்தப் பொறுமைக்கு ஊர் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மரியாதையோடுதான் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கணவன் மனைவி பிணக்கு உங்கள் மேசைக்கு வரும்போது, “ஏன் பிள்ளை, சேர்ந்து போகலாமே?” என்று தொடங்காதீர்கள். சேர்வதா பிரிவதா என்பதை அந்த இருவரும் தீர்மானிக்கட்டும். சேர்ந்தால் பயமில்லாமல் சேரவும், பிரிந்தால் பிள்ளையும் காணியும் சீரழியாமல் பிரியவும் வழி செய்வதுதான் உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது.

குடும்பப் பிணக்கைப் பேசித் தீர்ப்பதை மனதார விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. தீவகத்தில் அதன் தேவை யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நெடுந்தீவில் இருக்கும் தாய் ஒருத்தி தாபரிப்பு வழக்குப் போட்டால் அவள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். காலைப் படகில் ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக பஸ்ஸில் ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லை, அல்லது சட்டத்தரணிக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்கு; இன்னொரு தவணை. பின்னேரப் படகைப் பிடிக்க அவள் திரும்பவும் ஓட வேண்டும். சோழகம் பலமாக வீசினால் படகே ஓடாது. அன்றைய கூலி போய்விடும், பிள்ளையை அயல் வீட்டில் விட்ட கடன் மிஞ்சும். இப்படி நாலைந்து தவணை அலைந்தவள் வழக்கைக் கைவிட்டுவிட்டால் அவளுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மணமுறிவு வழக்கு இன்னும் கொடியது. நம் நாட்டில் பொதுச் சட்டத்தின்படி மணமுடித்தவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. அது மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: பிறரோடு உறவு கொண்டமை, வேண்டுமென்றே கைவிட்டுப் போனமை, மணமுடித்தபோதே இருந்த தீராத ஆண்மைக் குறை போன்ற இயலாமை. இருவருக்கும் ஒத்துவரவில்லை, மரியாதையோடு பிரிந்து போகிறோம் என்று இருவரும் சேர்ந்து சொன்னாலும் அந்தக் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒருவர் மற்றவரைக் குற்றவாளி ஆக்கித்தான் ஆக வேண்டும். மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை தரும், குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதியாகும். வழக்காளிக்கும் எதிராளிக்கும் பொதுவான மாமன், மச்சாள், சம்பந்தி எல்லோரும் நீதிமன்ற வளவில் நிற்க, படுக்கையறைக் கதை திறந்த மன்றில் வாசிக்கப்படும். சின்னத் தீவுகளில் அந்தக் கதை பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் பேசும் காலம் வரைக்கும் கூடவே வரும்.

அதனால்தான் உங்கள் சபை ஒரு கொடை என்கிறேன். 1958இல் வந்த இணக்க சபைகளை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். கட்சி அரசியல் புகுந்து அவற்றின் பெயர் கெட்டது, எழுபதுகளின் இறுதியில் அவை இல்லாமல் போயின. பிறகு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம் வந்தது. பழைய பிழை திரும்பக்கூடாது என்பதற்காகவே மத்தியஸ்தர்களை நியமிக்கும் பொறுப்பை ஒரு தனி ஆணைக்குழுவிடம் அது கொடுத்தது. பிணக்குக்கு மூவர் அமர்கிறீர்கள். இரு தரப்பும் தாங்கள் நம்பும் ஒருவரைத் தெரிவு செய்யலாம். சட்டத்தரணி வந்து வாதாட இடமில்லை. அங்கே பேசியதை நாளை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது. எங்கள் விதானைமார், உடையார்மார் காலத்து ஊர்க்கூட்டத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பு இது. அங்கே பேசியது எல்லாம் மறுநாள் கிணற்றடிக்குப் போய்விடும்.

ஆனால் சட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். மணமுறிவு, திருமணம் செல்லாது என்ற வழக்கு, பிள்ளைகளின் பாதுகாவல் போன்றவற்றைக் கட்டாயமாக உங்களிடம் அனுப்பத் தேவையில்லை என்று சட்டத்தின் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. திருமணத்தை முறிக்க நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். இதனால் குடும்பப் பிணக்கு உங்களிடம் குடும்பப் பிணக்கு என்ற பெயரோடு வருவது குறைவு. அது வேலிப் பிணக்காக வரும். மாமனார் கொடுத்த கடனாக வரும். அடகு வைத்து மீளாத தாலிக்கொடியாக வரும். மச்சான் மச்சானைக் கெட்ட வார்த்தையால் ஏசிய முறைப்பாடாக வரும். பொலிஸ் அனுப்பிய சிறு காய வழக்காக வரும். மேலே இருக்கும் கடதாசியில் “எல்லை வேலி” என்று எழுதியிருக்கும்; உள்ளே ஒரு பெண் ஆறு மாதமாகத் தாய் வீட்டில் இருப்பாள். அனுபவமுள்ள மத்தியஸ்தருக்கு இது தெரியும். புதிதாக நியமனம் பெற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்: வேலியை மட்டும் தீர்த்து அனுப்பினால் அடுத்த மாதம் அதே வீடு வேறு கடதாசியோடு வரும்.

எங்கள் தீவுகளில் குடும்பச் சண்டையின் நடுவில் பெரும்பாலும் காணி ஒன்று கிடக்கும். அதற்குக் காரணம் எங்கள் சொந்தச் சட்டமே. யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்தருக்காகத் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட 1707ஆம் ஆண்டின் தேசவழமையை, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக்கினர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பிரிவுகள் அதிலிருந்து வந்தவை. பெண்ணுக்குக் காணி அவள் பெயரிலேயே போவது அதன் பெருமை. இலங்கையில் வேறு பல பெண்களுக்கு இல்லாத சொத்து எங்கள் பெண்களின் கையில் உறுதியாக இருக்கிறது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு பூட்டையும் போட்டு வைத்தது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க, ஈடு வைக்க, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். கேட்பதற்கும் தவணை, படகு, சட்டத்தரணி.

இதன் விளைவை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பிரிந்து எட்டு, பத்து வருடமான கணவன் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறான். அவள் பெயரில் வேலணையில் ஒரு வளவு இருக்கிறது. மகளின் படிப்புக்கு அதை விற்க வேண்டும். அவனுடைய கையெழுத்து இல்லாமல் நொத்தாரிசு உறுதி முடிக்க மாட்டார். “காசு தா, கையெழுத்து வைக்கிறேன்” என்று அவன் பேரம் பேசுகிறான், அல்லது அவனுடைய தமையன் பேசுகிறான். மறுபக்கத்தில், மணமான பிறகு இருவர் உழைப்பிலும் வாங்கிய காணி ஒருவர் பெயரில் மட்டும் கிடக்கும். அது தேடிய தேட்டமா இல்லையா என்பதில் இன்னொரு பிணக்கு. பாதுகாவல், செலவுக்காசு, நகை, கையெழுத்து என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் நீதிமன்றம் அவற்றைத் தனித்தனி வழக்காகத்தான் பார்க்கும். ஒரே மேசையில் எல்லாவற்றையும் வைத்துப் பேச உங்களால் முடியும். அதனால்தான் சொல்கிறேன்: பிரிந்து வாழும் தம்பதிகளின் இணக்கம் எழுதும்போது, கணவனின் சம்மதக் கையெழுத்தை அதில் ஒரு தனி நிபந்தனையாக எழுதுங்கள். எந்தக் காணிக்கு, எத்தனை நாளுக்குள், எந்த நொத்தாரிசு முன் வந்து கையெழுத்திடுவது என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவரானால் அற்றோணித் தத்துவம் யாருக்கு, எந்த அளவுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தீவகத்தில் பிணக்குத் தீர்த்த பழைய கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். நாகதீபத்தில் மாமன் மருமகன் இருவரும் மணியாசனம் ஒன்றுக்காகப் படை திரட்டி நின்றார்கள், புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. நாக மன்னர் இருவரின் ஆசனச் சண்டையை மணிமேகலையும் மணிபல்லவத்தில் வைத்துச் சொல்கிறது. நயினாதீவு விகாரைக்குப் போகிறவர்கள் இந்தக் கதையைச் சுவரிலே பார்த்துவிட்டு வருவார்கள். மகாவம்சக் கதையை ஊன்றி வாசித்தால் அது ஒரு குடும்பச் சொத்து வழக்கு. தந்தை தன் மகளுக்குக் கொடுத்த ஆசனம் அது. தந்தை இறந்த பிறகு அந்த மகளின் அண்ணனும் அவளுடைய மகனும் அதற்காக மோதினார்கள். முடிவில் இருவரும் ஆசனத்தைப் புத்தருக்கே கொடுத்துவிட்டு ஒற்றுமையானார்கள். நல்ல முடிவுதான். ஆனால் ஆசனம் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெண் கதையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டதாகவும் இல்லை.

எங்கள் சபைகளில் இன்றும் அடிக்கடி நடப்பது இதுதான் என்பது என் வருத்தம். உறுதி அவள் பெயரில் இருக்கும், கதைப்பவர்கள் அவளுடைய தமையனும் கணவனும் மாமனாருமாக இருப்பார்கள். அவள் கதவடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். கடைசியில் “பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?” என்று கேட்டால், நாலு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, “நீங்கள் சொல்லுறபடி ஐயா” என்றுதான் சொல்வாள். அதைச் சம்மதம் என்று பதியாதீர்கள். முதலில் அவளைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். பிறகு அவனையும் தனியாகக் கேளுங்கள். கேட்டதை மற்றவரிடம் சொல்லலாமா என்று அனுமதி வாங்கிய பிறகு மட்டும் இருவரையும் ஒன்றாக இருத்துங்கள். 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய தமிழ்நாடு மத்தியஸ்த, சமரச மையத்தில் இப்படித் தனித்தனியாகக் கேட்பது வேலைமுறையின் ஓர் அங்கம். அங்கே ஏற்பட்ட இணக்கம் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போய் ஆணையாகிறது. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றமும் கணவன் மனைவி வழக்குகளை முதலில் மத்தியஸ்தத்துக்கு அனுப்ப வேண்டும் என்று குடும்ப நீதிமன்றங்களுக்குச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த வழக்கின் தம்பதி பத்து வருடத்துக்கு மேல் பிரிந்து, வழக்குக்கு மேல் வழக்காகப் போட்டு, கடைசியில் மணமுறிவு பெற்றவர்கள். தொடக்கத்திலேயே ஒரு நல்ல மேசை கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் அந்தத் தீர்ப்பில் தெரிகிறது.

அடுத்து அடிதடி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதாரண காயம் ஏற்படுத்துதல் மத்தியஸ்த சபைக்கு வரக்கூடிய குற்றங்களில் ஒன்று. அடித்தவன் கணவன், அடிபட்டவள் மனைவி என்றாலும் அட்டவணை வேறுபாடு பார்ப்பதில்லை. பொலிஸ் நிலையத்தில் “இது குடும்ப விஷயம், சபைக்குப் போங்கோ” என்று எழுதி அனுப்புவார்கள். உங்கள் முன் வரும்போது காயம் ஆறியிருக்கும், கணவன் தலைகுனிந்து இருப்பான், கோயிலில் சத்தியம் செய்யவும் ஆயத்தமாக இருப்பான். நீங்களும் நல்ல மனதோடு இருவரையும் கைகோக்க வைத்து அனுப்பலாம். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியில் அவளோடு நீங்கள் ஒருவரும் போவதில்லை. எழுவைதீவிலோ அனலைதீவிலோ இரவு பத்து மணிக்கு அவள் எங்கே ஓடுவாள்? சுற்றிலும் கடல், அயலெல்லாம் அவனுடைய இனத்தார்.

இதற்குத்தான் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிபடுபவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸ் அலுவலரும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரணையின் மேல் 12 மாதம் வரைக்கும் நீளும் கட்டளை. அவன் வீட்டுக்குள் வரக்கூடாது, அவளை அணுகக்கூடாது என்றெல்லாம் நீதவான் கட்டளையிடலாம். கையால் அடிப்பதை மட்டும் இந்தச் சட்டம் வன்முறை என்று கொள்ளவில்லை. தொடர்ந்த மிரட்டலும் மனச் சித்திரவதையும் இதற்குள் அடங்கும். தொடர்ந்து அடிக்கிறான் என்று தெரிந்தால் இணக்கம் தேடி உட்கார வேண்டாம். இணக்கமில்லை என்ற சான்றிதழைக் கையில் கொடுத்து, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் அவளை அனுப்புங்கள். அந்தச் சான்றிதழைத் தோல்வியாக எண்ணும் சபைகள் உண்டு. ஆண்டு முடிவில் எத்தனை பிணக்குத் தீர்ந்தது என்ற கணக்கு மேலே போகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் உயிர் அந்தக் கணக்கைவிடப் பெரிது.

தாபரிப்புக் காசு பற்றியும் ஒன்று. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் இட்ட கட்டளையை மீறினால் அவனுடைய சம்பளத்திலிருந்து அறவிடலாம், மறியலுக்கும் அனுப்பலாம். உங்கள் சபையின் இணக்கப் பத்திரத்துக்கு அந்தப் பலம் இல்லை. மீறினால் திரும்ப உங்களிடம் வந்து சொல்லி, நீங்கள் மறுபடி முயன்று, முடியாவிட்டால் சான்றிதழ் தருவதோடு நிற்கும். ஆகவே “இனி நீதிமன்றம் போக மாட்டேன்” என்று அவளிடம் எழுதி வாங்குவது அநியாயம். அப்படியொரு வரி உங்கள் பத்திரங்களில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். “பிள்ளைகளின் செலவைப் பார்த்துக்கொள்வார்” என்ற வரியாலும் பயனில்லை. எத்தனை ரூபா, மாதத்தின் எந்தத் திகதியில், யாருடைய வங்கிக் கணக்கில், பாடசாலை தொடங்கும் மாதத்தில் கூடுதலாக எவ்வளவு, கடல் தொழில் இல்லாத மாதத்தில் என்ன செய்வது என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

பிள்ளை யாரோடு இருப்பது என்ற தீர்மானம் நீதிமன்றத்துடையது என்றாலும், தாயும் தகப்பனும் தங்களுக்குள் வந்த உடன்பாட்டை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அந்த உடன்பாட்டைச் செம்மையாக்க உங்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை, ஏனென்றால் கடலும் படகும் உங்களுக்குத்தான் தெரியும். தாய் நெடுந்தீவில், தகப்பன் யாழ்ப்பாணத்தில் என்றால், விடுமுறைக்குப் பிள்ளையை எந்தப் படகில் யார் கூட்டிவருவது, குறிகட்டுவான் இறங்குதுறையில் யார் கையில் ஒப்படைப்பது, படகு ஓடாவிட்டால் எந்த நாளில் ஈடு செய்வது என்று கொழும்பில் இருந்து சட்டம் எழுதுபவருக்குத் தோன்றாது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருந்தால் பிள்ளையிடமும் மெதுவாகக் கேளுங்கள். “அம்மா வேணுமா அப்பா வேணுமா” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப்பட்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

தொண்ணூறாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் போரினால் தீவகம் வெறுமையானபோது போனவர்களின் குடும்பங்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கின்றன. அங்கே பிரிந்தவர்களின் பிணக்கு இங்கே உள்ள வளவில் வந்து விடிகிறது. புலம்பெயர்ந்த உறவுகளே, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் ஒன்றைக் கேளுங்கள். கனடாவில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள மணமுறிவுச் சட்டத் திருத்தம், பொருத்தமான இடத்தில் வழக்குக்கு வெளியே தீர்வு தேடும்படி கட்சிக்காரரை ஊக்குவிப்பதைச் சட்டத்தரணிகளின் கடமையாக்கியிருக்கிறது. அதே சட்டம் குடும்ப வன்முறையையும் விரிவாக வரையறுத்து, பிள்ளைகள் பற்றிய முடிவுகளில் அதைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. அங்கே நீங்கள் அனுபவிக்கும் அந்த நியாயத்தை ஊரில் இருக்கும் அண்ணி, மச்சாள், மருமகளுக்கும் விட்டுக்கொடுங்கள். தொலைபேசியில் இருந்துகொண்டு “கையெழுத்து வைக்காதே” என்று தம்பிக்குச் சொல்லாதீர்கள்.

மத்தியஸ்தர்களே, கடைசியாக உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். பெண் ஒருத்தி தரப்பாக வரும் குடும்பப் பிணக்கு எதிலும் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உங்கள் பட்டியலில் அதற்குப் போதிய பெண்கள் இல்லையென்றால், அடுத்த நியமனத்துக்குப் பெயர் கேட்கும்போது மாதர் சங்கங்களிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளிடமும் மருத்துவமாதுகளிடமும் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்; வீட்டில் விடமாட்டார்கள் என்று தயங்குபவளின் வீட்டுக்கும் போய்ப் பேசுங்கள். இணக்கப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் இரு தரப்புக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள், யோசிக்க ஒரு கிழமை வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். கடல் தாண்டி வருகிறவர்களின் பிணக்கை அன்றைய பட்டியலில் முதலாவதாக எடுங்கள். அவர்கள் பின்னேரப் படகுக்குப் போக வேண்டும்.

அன்போடும் நம்பிக்கையோடும்,
தீவகத்தில் பிறந்த ஒருத்தி